செலண்டாருக்குக் கருந்துளை கொண்டுபோன சனிக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஜாலியான பயணப் பதிவு இல்லை. படங்கள் குறைவு. சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரிதான் வரும். இந்தப் பயணத்தில் பாதி நேரம் நான் பயந்துகொண்டும் மீதி நேரம் பயத்தை மறைத்துக்கொண்டும் இருந்தேன். அப்படிப்பட்ட பயணங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

சென்ற பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. அப்போது எனக்கு ஏழாம் மாதம். இந்த வலைப்பதிவை நெடுநாளாகப் படிப்பவர்களுக்கே இது புதுச் செய்தியாக இருக்கும். ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை. இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. இரண்டாவது ஐந்து மாதம் வரை வந்தது. அப்போதுதான் அசையத் தொடங்கியிருந்தது, பிறகு அசையவில்லை. அதற்குப் பின் நல்ல செய்தியைச் சொல்வதற்கே எனக்கு வாய் வருவதில்லை.

நான் சிரம்பானில் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். விடுமுறை நாட்களில் ஒரு பழைய ரொட்டி டின்னில் அறிவியல் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த முறை கூப்பிட்டவர் மலாக்கா மாநிலத்துச் செலண்டார் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் பார்வதி ஆன்ட்டி. ஐம்பது வயதிருக்கும், குருபோங்கில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் வேலை, தோட்டத்துக் கோயில் மகளிர் குழுவுக்குத் தலைவி. போனில் சுற்றி வளைக்காமல் கேட்டார். "டீச்சர், வானத்துல ரெண்டு கருந்துளை மோதிக்கிச்சாம், அந்த ஆட்டம் இங்க வரைக்கும் வந்துச்சாம்னு ரேடியோவுல சொன்னாங்க. பிள்ளைங்க எங்கள நச்சரிக்குதுங்க. என்னா சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியலலா." அந்தக் கேள்விக்கு மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

என் கணவர் ராஜனுக்கு நான் போவதில் விருப்பமில்லை. "கருந்துளை எங்கயும் ஓடிப்போயிடாது. பிள்ள பொறந்தப்புறம் போலாமே" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் ஏழு மாதமாக வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. டாக்டரும் போகலாம், அதிகம் குலுங்காமல் போங்கள் என்றார். ராஜனுக்கு அன்று வேலை இருந்ததால் தனியாகக் கிளம்பினேன்.

சிரம்பானிலிருந்து செலண்டார் போகிறவர்கள் பெரும்பாலும் மலாக்கா நகரம் வரை பேருந்தில் போய், அங்கிருந்து மறுபடி வடக்கே திரும்பி வருகிறார்கள். அது வீண் சுற்று. கொமுட்டர் ரயிலில் பூலாவ் செபாங் வரை வந்துவிடுங்கள். ஏறக்குறைய ஐம்பது நிமிடம், கட்டணம் ஐந்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். அங்கிருந்து செலண்டார் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பேருந்து வசதியை நம்பாதீர்கள், கார் பேசிவைத்துக்கொள்வது நல்லது. நான் காலை எட்டரைக்கு இறங்கினேன். ரயிலில் குழந்தை நன்றாகவே உதைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண்மணி என் சட்டை எகிறுவதைப் பார்த்துச் சிரித்தார்.

நிலையத்தில் குணா காத்திருந்தார். முப்பது வயதுக்காரர், பார்வதி ஆன்ட்டி வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, ஓய்வு நாளில் கார் ஓட்டுகிறார். செலண்டார், மதியம் பெம்பானில் இன்னொரு நிகழ்ச்சி, மாலை திரும்ப ரயிலடி, எல்லாம் சேர்த்து நூற்றிருபது வெள்ளி பேசியிருந்தோம்.

"டின்னுல என்னாக்கா, முறுக்கா?"

"கருந்துளைய எப்படிப் பிடிக்கிறாங்கன்னு காட்டுற சாமான், தம்பி."

சிரித்தார். சிரித்த பிறகு விளக்கமும் கேட்டார். உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டின்னுக்குள் ஒரு டைல்ஸ் துண்டு, அதன்மேல் ஒரு சிறிய லேசர், பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் ஒரு கண்ணாடி, எதிரொளிக்கும் கண்ணாடிகள் இரண்டு. ஒளி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் போய்த் திரும்பி ஒன்றுசேரும்போது சுவரில் சிவப்பு வளையங்கள் விழும். ஒரு கண்ணாடி தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு நகர்ந்தாலும் வளையங்கள் ஓடும். கருந்துளைகள் இரண்டு ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மோதிச் சேரும்போது கிளம்பும் ஈர்ப்பலையைப் பிடிக்கிற பெரிய கருவிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவற்றில் ஒளி போய்வரும் இரண்டு கைகள் மட்டும் நான்கு கிலோமீட்டர் நீளம். அலை கடக்கும்போது இடமே ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் சுருங்கும்.

குணா முன்னால் போன லாரியைத் தாண்டினார். பிறகு, "எல்லாத்துக்குள்ளயும் பூந்து போகுமாக்கா? செவுரு, மலை, எல்லாம்?" என்றார்.

"எல்லாத்துக்குள்ளயும். பூமிக்குள்ள பூந்து அந்தப் பக்கமா போயிடும்."

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் என் வயிற்றைப் பார்த்தார். "அப்ப வயித்துக்குள்ளயும் போகும்லா."

"போகும். ஒண்ணும் பண்ணாது."

"அது எப்படிக்கா தெரியும்?"

என்னிடம் பதில் இருந்தது. நான்கு கிலோமீட்டர் நீளமே ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மாறுகிறது, அப்படியிருக்க ஒரு சாண் குழந்தைக்கு என்ன ஆகும் என்றேன். "சரிதான்" என்று தலையாட்டினார். ஆனால் அதற்குப் பிறகு காரை நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன பிறகும் அந்தக் கேள்வி என் வயிற்றிலேயே உட்கார்ந்திருந்தது.

கோயிலை ஒட்டிய மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். என் வயிற்றைப் பார்த்ததும் பார்வதி ஆன்ட்டியின் முகம் மாறியது. "இத ஏன் போன்ல சொல்லல?" என்று கேட்டுவிட்டு, டின்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அப்புறம் நான் ஒரு நாற்காலியைக்கூடத் தொட அவர் விடவில்லை.

சுவரில் வளையங்கள் விழுந்ததும் பிள்ளைகள் தரையில் குதித்துப் பார்த்தார்கள். வளையங்கள் ஓடின. வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று போனது, மறுபடி ஓடின. பெரிய கருவிகளுக்கும் இதே தொல்லைதான் என்றேன். லாரி, கடலலை, தூரத்து நிலநடுக்கம், எல்லாம் அவற்றுக்குள் கேட்கும். அதனால்தான் மூவாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கருவிகள். ஒன்று மட்டும் ஆடினால் அது உள்ளூர்ச் சத்தம். கண் சிமிட்டும் நேரத்துக்குள் இரண்டும் ஒரே மாதிரி ஆடினால்தான் வானத்திலிருந்து வந்ததென்று எடுத்துக்கொள்வார்கள். பார்வதி ஆன்ட்டி முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஒலிப்பதிவு. ஏறக்குறைய நூற்று முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு கருந்துளைகள் மோதிக் கிளம்பிய அலை 2015இல் பூமியைக் கடந்தது. அதைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றியிருக்கிறார்கள். மடிக்கணினியைத் தொடப் போனபோது பார்வதி ஆன்ட்டி எழுந்து நின்றார்.

"இருங்க டீச்சர்."

அவர் கை காட்டியதும் இரண்டு பெண்கள் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்கள். ஒருவர் என் கொண்டையில் வேப்பிலை செருகினார். பார்வதி ஆன்ட்டி என் தோளைப் பிடித்துக் கோயில் சாமான் வைக்கும் உள்ளறைக்குக் கூட்டிப்போனார். "குணா போடட்டும். நீங்க உள்ள இருங்க. கிரகணத்துக்கு எம் மகள இப்படித்தான் வச்சிருந்தேன்."

"ஆன்ட்டி, இது வெறும் பதிவு. அந்த அலை போய்ப் பல வருஷம் ஆச்சு."

"போனது போச்சு. பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பி வராதா?"

இயற்பியல் ஆசிரியை என்ற முறையில் நான் அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கதவு சாத்தப்பட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இருட்டில், அண்டாக்களுக்கு நடுவே, கற்பூர வாசத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மெல்லிய உறுமல் ஒன்று எழுந்து சட்டென்று உயர்ந்து நின்றுபோனது. அவ்வளவுதான் அது, ஒரு விநாடிகூட இல்லை. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் நான் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் பின்வரிசைப் பெண் ஒருவர், இது மறுபடி எப்போது வரும் என்று கேட்டார். வந்துகொண்டேதான் இருக்கிறது, கருவிகள் ஓடும் காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று பிடிபடுகின்றன என்றேன். பெண்கள் ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தார்கள். "அப்ப எத்தன தடவதான் கதவ மூடுறது" என்று பார்வதி ஆன்ட்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாப்பாடு: சோறு, சாம்பார், நெத்திலி சம்பல், பால் ஊற்றிய ரோஸ் சிரப். நன்றாகவே இருந்தது, ஆனால் எனக்கு ருசி தெரியவில்லை. இனிப்பாக எது குடித்தாலும் ஐந்து நிமிடத்தில் உதைக்கும் குழந்தை அன்று உதைக்கவில்லை. இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்தேன். இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தேன். எதுவும் இல்லை. கடைசியாக எப்போது அசைந்தது என்று யோசித்தேன். ரயிலில் அசைந்தது. காரில்? குணா கேள்வி கேட்டபோது? உள்ளறையில் இரண்டு கையையும் வயிற்றில்தானே வைத்திருந்தேன், அப்போது ஏதாவது தெரிந்ததா? நினைவில்லை. 

மூன்று மணிக்குப் பெம்பானில் நிகழ்ச்சி. அங்கே ஏற்பாடு செய்திருந்தவர் பார்வதி ஆன்ட்டியின் தங்கை என்பதால் ஆன்ட்டியும் கூடவே வந்தார். பின் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், கார் கிளம்பியதும் என் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ள ஆடுதா?"

"ஆடுது ஆன்ட்டி."

அவர் என் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. செலண்டார் கடைகள் பின்னால் போய், மறுபடி செம்பனை ஆரம்பித்தபோது என்னால் முடியவில்லை. "இல்ல ஆன்ட்டி. காலையில ரயில்ல ஆடுனது. அதுக்கப்புறம் தெரியல."

"குணா, பெம்பான் வேணாம். ஜாசின் ஆஸ்பத்திரிக்கு விடு." குரலை அவர் உயர்த்தவேயில்லை. குணா கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார், அப்புறம் நாற்பதை மறந்தார்.

ஓடும் காரில் வயிற்றில் எத்தனையோ அசைகிறது. சாலை மேடு, எஞ்சின் நடுக்கம், என் நாடி, சாப்பிட்ட சாப்பாடு. இதில் எது குழந்தை? ஒவ்வொன்றும் குழந்தை மாதிரியே இருந்தது. ஒவ்வொன்றும் அடுத்த நொடியே இல்லை என்றானது. காலையில்தான் முப்பது பேருக்கு முன்னால் நின்று, சத்தத்துக்குள்ளிருந்து அலையை எப்படிப் பிரிப்பது என்று பாடம் நடத்தியிருந்தேன். "இப்ப தெரிஞ்ச மாதிரி இருக்கு ஆன்ட்டி" என்றேன், என் கையை வலது பக்கம் அழுத்திக்கொண்டு.

பார்வதி ஆன்ட்டி தன் கையை என் வயிற்றின் இடது பக்கத்தில் வைத்தார். "ரெண்டு எடத்துலயும் வந்தாத்தானே கணக்கு. நீங்கதானே சொன்னீங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏதோ தட்டியது. "இப்ப?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "இது?"

"எனக்கு வரல."

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது போலிருக்கிறது. ஒரே ஒரு தடவை ஆமாம் என்று சொல்லியிருக்கலாம் என்று அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. காலை முழுவதும் டீச்சர் டீச்சர் என்றவர் இப்போது அம்மா என்கிறாரே என்பதும் பயமாக இருந்தது. அவர் கை என் வயிற்றைவிட்டு நகரவேயில்லை. 

"ஜன்னல் ஒண்ணு கொக்கி சரியா மாட்டல" என்றார் திடீரென்று. வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் பாத்தேன். எழுந்து போய் மாட்டியிருக்கணும். சரி, இதுல என்னான்னு உட்கார்ந்துட்டேன்."

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை ஆன்ட்டி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அது ஒலிபெருக்கியிலிருந்து வந்த சத்தம். மண்டபத்தைக்கூட அது தாண்டியிருக்காது. உண்மையான அலைக்குக் கொக்கியும் கிடையாது, கதவும் கிடையாது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சில நிமிடம் நானும் அந்தத் திறந்த ஜன்னலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஏன் இந்த டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன், ஏன் அந்தப் பதிவைப் போடவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

செலண்டாரிலிருந்து ஜாசின் இருபத்தைந்து நிமிட ஓட்டம். அதைவிடச் சீக்கிரம் போய்விட்டோம். அவசரப் பிரிவில் விஷயத்தைச் சொன்னதும் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து நேராகப் பிரசவப் பிரிவுக்குத் தள்ளிப்போனார்கள். பார்வதி ஆன்ட்டியை உள்ளே விடவில்லை. கதவு மூடும்போது அவர் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றது தெரிந்தது.

மிஸ்ஸி, அதாவது நர்ஸ், இளவயது மலாய்ப் பெண். வயிற்றில் களிம்பைத் தடவி, கையடக்கக் கருவியை வைத்தார். முதலில் இரைச்சல். பிறகு, டுப்... டுப்... என்று ஒரு துடிப்பு. நான் எழப் போனேன். "இனி இபு பூன்யா" என்றார் மிஸ்ஸி. இது தாயுடையது என்று அர்த்தம். என் நாடியைக் காட்ட விரலில் மாட்டியிருந்த கிளிப்பும் அதே வேகத்தில்தான் மின்னிக்கொண்டிருந்தது. கருவியை நகர்த்தினார். இரைச்சல். கீழே. இரைச்சல். இடது பக்கம். இரைச்சல். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதுவும் தெரியக்கூடாது என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள், எதுவும் தெரியவில்லை. போன தடவையும் இப்படித்தான் ஒருவர் எதுவும் தெரியாத முகத்தோடு கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் அழவில்லை, கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இல்லை இல்லை இல்லை என்று முனகிக்கொண்டிருந்தேன்.

இடுப்பெலும்புக்கு மேலே, நான் நினைத்தே பார்க்காத ஓரத்தில், அது கேட்டது. வேகமாக, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. மிஸ்ஸி என் விரலில் இருந்த எண்ணைப் பார்த்தார், கருவியில் வந்த எண்ணைப் பார்த்தார். இரண்டும் வேறு வேறு. "பேபி பூன்யா" என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் ஏதோ தெரிந்தது. "நிச்சயமா? என்னுதில்லையே?" என்று தமிழிலேயே கேட்டேன். அவருக்கு எப்படியோ புரிந்து தலையாட்டினார்.

பிறகு துடிப்பைக் காகிதத்தில் வரையும் கருவியை மாட்டி மாலை வரை வைத்திருந்தார்கள். குழந்தை புரண்டு முதுகை முன்னால் திருப்பிக்கொண்டு தூங்கியிருக்கலாம், அதனால் அசைவு தெரியாமல் போயிருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம் என்றுதான் சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. அசைவு மெல்ல மெல்லத் திரும்பியது.

வெளியே வந்து சொன்னதும் பார்வதி ஆன்ட்டி நடைபாதைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப உள்ள பூந்து சும்மா போயிடுச்சுலா" என்றார். நான் விளக்கம் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். செய்தி கேட்டு ராஜன் சிரம்பானிலிருந்து வந்து சேர்ந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெம்பான் நிகழ்ச்சி ரத்தாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்களை இறக்கிவிட்ட குணா, அங்கே பிள்ளைகள் காத்திருப்பார்களே என்று டின்னையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு தானே போயிருக்கிறார். வளையங்கள் வரவேயில்லையாம். ஒலிப்பதிவை மட்டும் போட்டுக் காட்டியிருக்கிறார். "ஜன்னல் எல்லாத்தயும் நானே மூடிட்டேன்கா, கொக்கியும் மாட்டிட்டேன்" என்று இரவு செய்தி அனுப்பியிருந்தார்.

பயணம் போக நினைக்கும் கர்ப்பிணிகளுக்கு, நான் டாக்டர் இல்லை என்பதை முன்வைத்துக்கொண்டே சொல்கிறேன். ரயிலில் போங்கள், தனியாகப் போகாதீர்கள். போகும் வழியில் எந்த ஊரில் பிரசவப் பிரிவு இருக்கிறது, சனி ஞாயிறு திறந்திருக்குமா என்று கிளம்பும் முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். செலண்டார் பக்கம் என்றால் ஜாசின்தான். கர்ப்பப் பதிவுப் புத்தகம் கைப்பையில் இருக்கட்டும். அசைவு குறைந்தால் சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன், படுத்துப் பார்க்கிறேன், நிகழ்ச்சி முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஆடுது என்று பொய் சொல்லாதீர்கள். உடனே போங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் அதுதான் உலகத்திலேயே நல்ல செய்தி.

அறிவியலைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை. ஈர்ப்பலை உங்கள் குழந்தையை ஒன்றும் செய்யாது. மனிதர்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே அது எல்லாவற்றையும் கடந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. இதை நான் நம்புகிறேன். ஆனால் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்று வகுப்பில் சொல்லிவந்தேனே, அதை இனிமேல் சொல்ல மாட்டேன். அன்று காரில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

இப்போது எட்டரை மாதம். ஜாசினுக்குப் பிறகு நான்கு தடவை இப்படிச் சிரம்பான் மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறோம். நான்கு தடவையும் ஒன்றுமில்லை, குழந்தை நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். இந்தப் பதிவைக் காலையில் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது இரண்டு தடவை லேசாகப் புரண்டது. அதற்கப்புறம் இல்லை. ராஜனிடம் சொல்லிவிட்டேன், அவர் கீழே காரை எடுத்துவிட்டார். மிஸ்ஸிகளுக்கு இப்போது என் முகம் பழக்கம். நான் கிளம்புகிறேன், எழுத்துப் பிழைகளை வந்து திருத்திக்கொள்கிறேன்.